நடுக்களத்தில் நின்ற மாணவர் – டாக்டர் டி. ஆவோ



"பந்து சோறு போடுமாலே?"

இந்தக் கேள்வி கேட்கப்படாத வீடு நம் திருநெல்வேலிச் சீமையிலே இருக்குமா? சாயங்காலம் பூட்ஸைக் கையில் தூக்கிய உடனே அம்மா ஆரம்பிப்பார். "மூணாவது செமஸ்டர் வந்தாச்சு, ரெண்டு அரியர் கிடக்கு, இவன் என்னடான்னா பந்தைத் தூக்கிட்டுக் கிளம்புதான்." அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே ஒரு "ம்ம்" போடுவார். அந்த "ம்ம்" இருக்கிறதே, அது அம்மா சொன்ன அத்தனையையும் விட நீளம்!

இன்னொரு பக்கம் நம் தோழர்களில் சிலர் இருக்கிறார்கள். "படிச்சு என்னத்த கிழிச்சோம்? ஆட்டந்தான் நமக்கு எல்லாம்" என்று சொல்லிவிட்டு ஒர்க்ஷாப் வகுப்பைக் கட் அடித்துவிட்டு மைதானத்திலே கிடப்பார்கள்.

வீட்டாரும் சரி, இந்தத் தோழர்களும் சரி, ஒரே விஷயத்தைத்தான் நம்புகிறார்கள். படிப்பும் பந்தும் ஒரு வீட்டிலே குடியிருக்க முடியாது என்பதுதான் அது. இது உண்மையா? இதற்குப் பதிலாக நூறு உபதேசம் சொல்வதை விட ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பாடமாக எடுத்துக்கொண்டு படித்துப் பார்ப்பது நல்லது. அதுவே இக்கட்டுரையின் நோக்கம். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்த ஒரு மருத்துவக் கல்லூரி மாணவரின் வாழ்க்கை அது.

அமெரிக்கக் கல்லூரியில் ஒரு நாயகன்

நம் ஆளைப் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம்.

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் அது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். அணிக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்திலிருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யத் தாமதமானால் எதிரணியின் ஆஜானுபாகுவான ஆட்கள் மேலே வந்து விழுவார்கள்! எந்தக் கட்டத்தில் யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று வரைந்து வைத்த ஒரு தடிப் புத்தகமே உண்டு. குவார்ட்டர்பேக் அதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆக, ஆட்டத்திலும் அவருக்குப் படிப்புதான்.

அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கக் கூடுகிற கூட்டம் நாம் நம்ப முடியாத அளவு. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு! கல்லூரி குவார்ட்டர்பேக் என்றால் அந்த ஊருக்கே சினிமா கதாநாயகன் மாதிரி.

ஆனால் அதற்குள் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. அங்கே கல்லூரிகளில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்களில் தொழில்முறை அணிக்குப் போய்ச் சேருகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூடக் கிடையாது. கல்லூரி விளையாட்டை நடத்துகிற அமைப்பே சொல்கிற கணக்கு இது. மீதித் தொண்ணூற்றெட்டுப் பேர்? இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் கைதட்டல் நின்றுவிடும். அதற்குப் பிறகு நாற்பது வருட வாழ்க்கையை எதை வைத்து ஓட்டுவது என்பதே கேள்வி. லட்சம் பேர் கூடும் மைதானத்துக்கும் நம் பேட்டைப் பக்கத்துப் பொட்டலுக்கும் இந்தக் கேள்வி பொதுவானது.

நம் ஆட்டத்தில் அந்த இடம்

கால்பந்தில் குவார்ட்டர்பேக்குக்கு நிகரான இடம் எது? அந்தக் காலத்து ஆட்டமுறையைப் பார்த்தால் தெரியும்.

அப்போது நம் நாட்டில் இரண்டு–மூன்று–ஐந்து என்ற அமைப்பில்தான் ஆடினார்கள். கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு பேக்குகள். அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப்கள். அதற்கும் முன்னால் ஐந்து ஃபார்வர்டுகள். இதில் ஃபார்வர்டுகளுக்குக் கோல் அடிக்கிற புகழ். கோல்கீப்பருக்குக் கோலைத் தடுக்கிற புகழ். நடுவிலே நிற்கிற மூன்று பேருக்கு? வேலைதான்! எதிரி வரும்போது பின்னால் போய்த் தடுக்க வேண்டும்; பந்து கிடைத்ததும் முன்னால் இருப்பவர் காலுக்கு அதைக் கொண்டு சேர்க்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் கண் வைத்திருக்கிறவர்கள் இவர்களே. தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடா மாதிரி. நாடா நின்றால் துணி இல்லை.

நம் கதாநாயகர் டாலிமெரன் ஆவோ இந்த வரிசையைச் சேர்ந்தவர். விளையாட்டு உலகில் எல்லோரும் டி. ஆவோ என்றே அழைத்தார்கள்.

சாங்கியிலிருந்து கல்கத்தா வரை

1918 ஜனவரி 28 அன்று நாகா மலைப்பகுதியில் சாங்கி என்ற கிராமத்தில் ஆவோ பிறந்தார். அன்றைக்கு அது அசாம் மாகாணத்தோடு சேர்ந்த பகுதி. நாகாலாந்து என்றொரு மாநிலம் உருவாக இன்னும் நாற்பத்தைந்து வருடம் இருந்தது. அப்பா கிறிஸ்தவப் போதகர். பிள்ளைகள் நிறைந்த வீடு. இம்பூர் என்ற ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பு. கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டின பந்துதான் முதல் பந்து. நம்ம தெருப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஜோர்ஹாட்டில் மிஷன் உயர்நிலைப் பள்ளி. அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1935ல், டைபாய்டு காய்ச்சலில் அப்பா இறந்து போனார். அன்றைக்கு அந்த மலைகளில் டாக்டர் என்பவர் மிக அபூர்வம். காய்ச்சல் வந்தால் பிழைப்பதும் போவதும் விதி என்று இருந்த காலம். தன் மகன் டாக்டராகி நாகா மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பதினேழு வயதுப் பையன் அந்த ஆசையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அவர் வாழ்க்கையில் எது வந்தாலும், எத்தனை பெரிய புகழ் வந்தாலும், அந்தச் சுமையை அவர் இறக்கி வைக்கவே இல்லை.

பள்ளி முடிந்ததும் கௌஹாத்தியில் காட்டன் கல்லூரி. அங்கே படிப்போடு ஓட்டம், வாலிபால், கால்பந்து என்று எல்லாவற்றிலும் இறங்கினார். மகாராணா கிளப்பில் சேர்ந்து ஆடினார். இங்கேதான் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. அதுவரை முன்னணியில் கோல் அடிக்கிற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் நடுக்களத்துக்குப் பின்வாங்கித் தடுத்தாடும் இடத்துக்கு வந்தார்.

இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள் தோழர்களே! நம் கல்லூரி அணியில் ஒரு ஃபார்வர்டிடம் போய், "நீ ஹாஃப் ஆடு" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். கோல் அடிக்கிறவன் பெயர்தானே பேப்பரில் வரும்? ஆவோ அந்த இடமாற்றத்தை ஏற்றுக்கொண்டார். அந்த இடத்திலிருந்துதான் இந்தியாவின் கேப்டனானார்.

ஒரு கையில் புத்தகம்

1942ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மறுவருடம், 1943ல், மோகன் பகான் கிளப்பில் சேர்ந்தார்.

மோகன் பகான் என்றால் என்ன என்று இன்றைய தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1889ல் தொடங்கிய கிளப். 1911ல் இங்கிலாந்துப் பட்டாளத்து அணியான ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி. வெள்ளைக்காரன் பூட்ஸோடு ஆட, நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஜெயித்தார்கள். சுதந்திரப் போராட்ட காலத்தில் அந்த வெற்றி ஆட்டத்தை விடப் பெரிய ஒன்றாக மக்களுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட கிளப்பின் சட்டை, மலைநாட்டிலிருந்து வந்த மருத்துவ மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது. பின்னாளில் அந்த அணிக்கே அவர் கேப்டனுமானார்.

அவர் படித்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். 1943ல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. கல்கத்தாத் தெருக்களில் ஜனங்கள் பட்டினியால் விழுந்து செத்தார்கள். 1944ல் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அவருடைய சொந்த மலைநாட்டில், கோஹிமாவில், ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் கடும் யுத்தம். 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் மதக் கலவரம். 1947ல் சுதந்திரமும் கூடவே பிரிவினையும். இவை அத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் காலையில் மருத்துவப் பாடமும் மாலையில் பந்துமாக இருந்திருக்கிறார்! நமக்கு மழை பெய்தால் பிராக்டிஸ் கிடையாது. கரண்ட் போனால் படிப்பு கிடையாது.

1942ல் சேர்ந்தவர் எம்.பி.பி.எஸ். முடித்தது 1950ல். எட்டு வருடம். இடையில் கல்லூரியின் பெயரே மாறிவிட்டது! 1948ல் அது ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. பட்டம் வாங்கும்போது ஆவோவுக்கு முப்பத்திரண்டு வயது. கூடச் சேர்ந்தவர்கள் முன்னே போயிருக்கலாம். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருக்கவும் கூடும். ஆனால் அவர் படிப்பையும் விடவில்லை, பந்தையும் விடவில்லை. வேகமாக முடிப்பது ஒன்று, விடாமல் முடிப்பது இன்னொன்று. அரியர் வைத்திருக்கிற நம் தோழர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

லண்டன், 1948

சுதந்திரம் அடைந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. லண்டனில் ஒலிம்பிக். இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன் டி. ஆவோ. அது மட்டுமல்ல, ஜூலை 29 அன்று வெம்பிளி மைதானத்தில் நடந்த தொடக்க விழாவில் இந்தியக் குழுவுக்கு முன்னால் மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. சுதந்திர நாடாக இந்தியா போன முதல் ஒலிம்பிக் அது. எந்த நாட்டின் ஆட்சியிலிருந்து விடுபட்டோமோ அந்த நாட்டின் தலைநகரத்தில், அந்த ராஜாவின் முன்னிலையில், நம் கொடியை ஏந்தி நடந்தவர் ஒரு நாகா கிராமத்துப் பிள்ளை, அன்றைக்கு இன்னும் படிப்பை முடிக்காத கல்லூரி மாணவர். மாணவ சமுதாயத்துக்கு இதை விடப் பெரிய கௌரவம் உண்டா?

முதல் சுற்றில் பர்மா விலகிக்கொண்டதால் ஆடாமலே இந்தியா அடுத்த கட்டத்துக்குப் போனது. ஜூலை 31 அன்று லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் பிரான்ஸுடன் ஆட்டம். நம் அணியில் சாரங்கபாணி ராமன், வஜ்ரவேலு, அகமது கான் என்று பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு வெறுங்கால்.

முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. ஆனாலும் நம்மவர்கள் தளரவில்லை. எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் கோல் அடித்துச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது! ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டது.

தோல்விதான். ஆனால் லண்டன் ஜனங்கள் வியந்து பேசியது தோற்ற அணியைப் பற்றி. ஏன் பூட்ஸ் போடவில்லை என்று கேட்ட நிருபருக்கு, நாங்கள் ஆடுவது 'ஃபுட்பால்', நீங்கள் ஆடுவது 'பூட்பால்' என்று ஆவோ சிரித்துக்கொண்டே பதில் சொன்னதாக இன்று வரை சொல்கிறார்கள். வெடுக்கென்று கோபப்படாமல், தாழ்ந்தும் போகாமல் சொன்ன பதில்! கேப்டனுக்குக் கால் மட்டும் போதாது, நாக்கும் நிதானமாக இருக்க வேண்டும்.

வெறுங்கால் – ஒரு மெக்கானிக்ஸ் பாடம்

நாம் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள். வெறுங்கால் ஆட்டத்தை வீரம் என்று புகழ்ந்து மட்டும் விட்டுவிடக் கூடாது. அதன் நன்மை தீமையை ஆராய வேண்டும்.

காய்ந்த கெட்டித் தரையில் வெறுங்காலுக்குச் சில லாபங்கள் உண்டு. கால் விரலும் பாதத்தின் தோலும் பந்தை நேரடியாக உணரும். கணுக்கால் சுலபமாகத் திரும்பும். அந்தக் காலத்துப் பூட்ஸ் கனமான தோல்; கணுக்காலை மூடியிருக்கும். அதை மாட்டிப் பழகாதவருக்குக் காலில் கல்லைக் கட்டின மாதிரி. பந்தை உருட்டிச் சின்னச் சின்னதாகக் கொண்டுபோகும் நம்மவர்கள் ஆட்டத்துக்கு வெறுங்கால் ஒத்து வந்தது.

தரை ஈரமானால் கதை மாறும். நனைந்த புல்லின் மேல் பாதத்துக்கு உராய்வு குறைந்துவிடும். அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்தோமே, உராய்வு குறைந்தால் வழுக்கும். பூட்ஸின் அடியில் இருக்கிற குமிழ்கள் புல்லைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கும். அப்போது பிடிப்பு வெறும் மேல்பரப்பு உராய்வால் வருவதில்லை. மண்ணே குமிழைப் பிடித்து நிறுத்துகிறது. ஓடுகிறவன் சட்டென்று திரும்பலாம், நிற்கலாம். இன்னொன்று பந்து. ஆட்டம் தொடங்கும்போது 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது சுமார் 410 முதல் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்நாளைய தோல் பந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகும். ஆட்டம் முடிவதற்குள் அதன் கனம் எவ்வளவோ ஏறிவிடும். அதை வெறும் விரலால் உதைத்தால் வலி யாருக்கு?

இந்தப் பாடத்தை நம் நாடு கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றோம். அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடத்துக்கு வந்தது. பழைய திறமையைப் பாராட்டலாம். ஆனால் கருவியை மாற்ற மறுப்பது திறமை ஆகாது.

வந்த வாய்ப்பும் போகாத வழியும்

லண்டனில் ஆவோவின் ஆட்டத்தைப் பார்த்த அர்செனல் கிளப் அவருக்கு ஒரு வருட ஒப்பந்தம் தர முன்வந்தது என்பது அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. அர்செனல் அப்போது எப்பேர்ப்பட்ட அணி? 1947–48 பருவத்தில் இங்கிலாந்தின் முதல் டிவிஷன் சாம்பியன்! அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆவோ கல்கத்தாவுக்குத் திரும்பினார். படிப்பு பாக்கி இருக்கிறது என்பதுதான் காரணம்.

இன்றைய கோடிகளை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டால், "என்னவே இந்த ஆளு, பைத்தியமா?" என்றுதான் தோன்றும். ஆகவே அன்றைய கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வாரம் 12 பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. 1961ல்தான் அந்த வரம்பு ஒழிந்தது. ஆகவே அவர் உதறியது பெரும் பணத்தை அல்ல, பெரும் புகழை. உலகத்தின் மிகப் பெயர் பெற்ற கிளப் ஒன்றில் ஆடிய இந்தியன் என்ற பெயரை. இளைஞனுக்குப் பணத்தை விடுவது சுலபம். கைதட்டலை விடுவதுதான் கஷ்டம்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். அவர் போயிருந்தால் இந்தியக் கால்பந்துக்கு ஒரு புது வழி திறந்திருக்கலாம். பின்னால் பல பேர் போயிருக்கலாம். இதையும் ஒரு இழப்பு என்று சொல்வதில் தவறில்லை. ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்கு விலை உண்டு. விலை இல்லாத வாக்கை யார் வேண்டுமானாலும் காப்பாற்றிவிடலாமே!

மைதானத்துக்குப் பிறகு

1950ல் டாக்டர் ஆனார். திப்ருகாரில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பயிற்சி மருத்துவராகப் பணி செய்தார். 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது கேப்டனாக இருந்தவர், லண்டனில் ஆவோவின் அணியில் ஆடிய சைலன் மன்னா. ஆவோ அதில் இல்லை. மோகன் பகானோடு இருந்த உறவும் 1952ல் முடிந்தது.

1953ல் கோஹிமா சிவில் மருத்துவமனைக்கு உதவி சிவில் சர்ஜனாக வந்தார். ஒன்பது வருடம் முன்னால் யுத்தத்தில் சிதைந்து போயிருந்த ஊர் அது. மலைப்பாதை, மழை, எட்டாத கிராமங்கள், பின்னாலேயே வந்த அரசியல் கொந்தளிப்பு. அங்கே கேலரி கிடையாது, கைதட்டல் கிடையாது. காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். 1935ல் தன் அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்றை அவர் அந்த மலைகளுக்குக் கொண்டுவந்தார். 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அதன் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து 1978ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13 அன்று எண்பதாவது வயதில் காலமானார்.

அவர் படித்த காட்டன் கல்லூரியின் உள்விளையாட்டரங்குக்கும் அசாமில் களியாபர் மைதானத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 2009 முதல் வடகிழக்கு மாநிலங்களுக்காக டாக்டர் டி. ஆவோ பெயரில் கால்பந்துக் கோப்பையும் நடத்தப்பட்டது. ஆனால் தெற்கே, நம் பக்கத்தில், அவர் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? நம் பொது அறிவுப் புத்தகத்தில் கிரிக்கெட் வீரர்களின் ரன் கணக்கு பத்துப் பக்கம் வருகிறது. முதல் ஒலிம்பிக் கேப்டனுக்கு ஒரு வரி இல்லை.

உலகத்தில் இப்படி இன்னொருவரும் உண்டு. பிரேசில் நாட்டின் சாக்ரடீஸ். அவரும் நடுக்கள வீரர், மருத்துவம் படித்தவர், 1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் கேப்டன். ஆகவே டி. ஆவோவின் கதையை எங்கோ ஒரே ஒரு தடவை நடந்த அதிசயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டி. ஆவோவின் வாழ்க்கையை எண்களாக எழுதினால் ஒரு பாடம் தெளிவாகத் தெரியும். வாழ்ந்தது 80 வருடம். மோகன் பகானில் ஆடியது 9 வருடம். டாக்டராக உழைத்தது ஏறத்தாழ 28 வருடம். ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றே ஒன்று, 90 நிமிடம்.

அந்த 90 நிமிடத்தால்தான் நாம் இன்று அவரைப் பற்றி எழுதுகிறோம். ஆனால் அந்த 28 வருடத்தால்தான் எத்தனையோ குடும்பங்களில் விளக்கு எரிந்தது. இரண்டில் எது பெரிது என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். இரண்டும் ஒரே மனிதர் செய்தது. நடுக்கள ஆட்டக்காரர் முன்னாலும் பின்னாலும் பார்ப்பதைப் போல அவர் வாழ்க்கையையும் பார்த்தார்.

நாம் செய்ய வேண்டியது

மாணவப் பேரவை மலரில் கட்டுரை என்றால் கடைசியில் நாலு வார்த்தை உருப்படியாக இருக்க வேண்டும். ஆகவே:

1. ஆடுகிற தோழர்களுக்கு: டிப்ளமோ மூன்று வருடம், ஆறு செமஸ்டர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தாலும் அந்த வேலைக்கும் சர்டிபிகேட் கேட்பார்கள். முழங்காலில் ஒரு அடி பட்டால் ஆட்டம் நின்றுவிடும், படித்தது நிற்காது. பிராக்டிஸுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் படிப்புக்கும் ஒன்றரை மணி நேரம் என்று எழுதி வையுங்கள்.

2. ஆடாத தோழர்களுக்கு: தோழன் மேட்சுக்குப் போன நாளின் நோட்ஸை அவனுக்குக் கொடுங்கள். டிராயிங் ஷீட்டைக் காட்டுங்கள். ஒரு ஆட்டக்காரன் படிப்பை முடிப்பதில் கூடப் படிக்கிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

3. பெற்றோருக்கு: "பந்து சோறு போடுமா" என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, "இன்னைக்கு எந்த இடத்துல ஆடினே? யாருக்குப் பாஸ் கொடுத்தே?" என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை புத்தகத்தையும் தானாகத் திறப்பான். பெண்பிள்ளைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். மைதானம் அவளுக்கும் உரியது.

4. ஆசிரியப் பெருமக்களுக்கும் நிர்வாகத்தாருக்கும்: டைம் டேபிளில் இருக்கிற விளையாட்டு நேரத்தைப் போர்ஷன் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேட்சுக்குப் போய்வந்த மாணவனுக்குத் தவறிப் போன செய்முறை வகுப்பை இன்னொரு நாள் வைத்துக் கொடுங்கள். எட்டு வருடம் ஆனாலும் காத்திருந்து படிப்பை முடிக்க ஒரு மருத்துவக் கல்லூரியில் இடமிருந்ததால்தான் அந்த மலைகளுக்கு ஒரு டாக்டர் கிடைத்தார்.

அடுத்த வருடம் மண்டலப் போட்டிக்கு நம் அணி போகும்போது, கோல் போடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, நடுக்களத்தில் ஓடி ஓடி உழைக்கிறவர்களுக்கும் கை தட்டுவோம். அவர்கள் எல்லோரும் கடைசி செமஸ்டரில் ஆல் கிளியர் வாங்கும்போது இன்னும் பலமாகத் தட்டுவோம்!

வாழ்க மாணவர் ஒற்றுமை!